தடுப்பு மருந்து கொடுத்தும் கோழி சாவது ஏன்?

புரொய்லர் கோழி வளர்ப்போரும் கோழிக்கடை நடத்துவோரும் எமது வியாபார சமூகத்தில் கணிசமாக உள்ளனர். அவர்களைச் சந்திக்கும் போதெல்லாம் காதில் விழும் முறைப்பாடு ஒன்றுண்டு. "மருந்து கொடுத்தோம், காசும் செலவழித்தோம், ஆனாலும் கோழி செத்துப் போனது. மருந்து போலியாகத்தான் இருக்க வேண்டும்" என்பதே அது. சில வேளைகளில் மருந்து பழுதாகியிருப்பது உண்மைதான். ஆனால் கம்போரோ எனப்படும் வைரசு நோயைப் பொறுத்தவரையில், நல்ல மருந்தைச் சரியான முறையில் கொடுத்தும் தோற்றுப் போக இடமுண்டு. காரணம் மருந்திலும் இல்லை, கொடுத்தவரிலும் இல்லை. கொடுத்த நாளில் இருக்கிறது. அதனைப் பற்றியே இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

புத்தளம் மாவட்டத்தைச் சேர்ந்த, எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் இரண்டு கொட்டகைகளில் புரொய்லர் வளர்க்கிறார். ஒருமுறை அவருக்கு 1,500 குஞ்சுகள் தேவைப்பட்டன. ஒரே இடத்தில் அவ்வளவும் கிடைக்கவில்லை. எனவே ஒரு பொரிப்பகத்திலிருந்து 800 குஞ்சுகளையும் இன்னொன்றிலிருந்து 700 குஞ்சுகளையும் எடுத்தார். 800 குஞ்சுகளின் விலை சற்று அதிகம். பெயர் பெற்ற இடம், குஞ்சுகளும் பார்ப்பதற்குத் துடிப்பாக இருந்தன. 700 குஞ்சுகள் சாதாரண ரகம். வேறு வேறு கொட்டகைகளில் விட்டு, ஒரே தீன் போட்டு, 14ஆம் நாள் காலை ஒரே மருந்தைத் தண்ணீரில் கலந்து இரண்டுக்கும் கொடுத்தார். 23ஆம் நாள் விலை கூடிய குஞ்சுகள் இருந்த கொட்டகையில் கோழிகள் மயிர் சிலிர்த்துக் குந்தத் தொடங்கின. வெள்ளை நிறத்தில் தண்ணீராகக் கழிந்தன. மூன்றாம் நாள் மட்டும் நாற்பதுக்கு மேல் செத்தன. பக்கத்துக் கொட்டகையில் ஒன்றுமே இல்லை.

அவர் முதலில் மருந்து விற்றவருடன் சண்டையிட்டார். பிறகு பொரிப்பகத்துடன் சண்டையிட்டார். கடைசியில்தான் செத்த கோழிகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனார். போக வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வைத்தியர் கோழியை அறுத்துப் பார்த்தார். தொடையிலும் நெஞ்சிறைச்சியிலும் இரத்தக் கசிவுக் கோடுகள். மலவாசலுக்குச் சற்று மேலே, முதுகுப் பக்கமாக இருக்கும் சிறிய பை வீங்கி, மஞ்சள் நிறச் சளிபோன்ற ஒன்றால் மூடப்பட்டிருந்தது. "கம்போரோ" என்றார். "மருந்து கொடுத்தேனே டொக்டர்" என்றார் இவர். "கொடுத்தீர்கள். ஆனால் குஞ்சின் தாய் அதனை அழித்துவிட்டாள்" என்று பதில் வந்தது.

அந்தப் பையும் அதன் கதையும்

கோழி அறுத்துத் துப்புரவு செய்பவர்கள் இந்தப் பையைக் கண்டிருப்பார்கள். நான்கைந்து வார வயதுடைய கோழியில் கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும். பெரும்பாலும் எவரும் அதனைப் பொருட்படுத்துவதில்லை, குடலுடன் சேர்த்து வீசிவிடுவோம். 1619இல் காலமான பெப்ரிசியஸ் என்ற இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞரின் பெயரால் இது பெப்ரிசியஸ் பை எனப்படுகிறது. இது எதற்காகப் படைக்கப்பட்டுள்ளது என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக எவருக்கும் விளங்கவில்லை.

1950களில் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் சில குஞ்சுகளின் இந்தப் பையை அறுத்து நீக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியும்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்போது அவரது சகபாடியான சாங் என்பவர் வகுப்பில் செய்து காட்டுவதற்காக அந்தக் கோழிகளில் சிலவற்றை வாங்கிச் சென்றார். ஒரு கிருமிப் பொருளை ஊசியால் ஏற்றினால் கோழியின் இரத்தத்தில் அதற்கெதிரான பிறபொருளெதிரி உண்டாவதைக் காட்டுவதே பாடம். ஆனால் சில கோழிகளில் ஒன்றும் உண்டாகவில்லை. தேடிப் பார்த்தபோது அவையெல்லாம் பை நீக்கப்பட்ட கோழிகள்! 1956இல் இக்கண்டுபிடிப்பை எழுதினார்கள். பெரிய விஞ்ஞான சஞ்சிகை ஒன்று அதனைப் பிரசுரிக்க மறுத்தது. கடைசியில் கோழி வளர்ப்புத் துறைக்கான சஞ்சிகை ஒன்றிலேயே அது வெளிவந்தது. இன்று மனிதனின் நிர்ப்பீடனம் பற்றிப் படிக்கும் வைத்திய மாணவர்கள் 'பி' கலங்கள் என்று படிக்கிறார்களே, அந்தப் 'பி' என்ற எழுத்து வந்தது இந்தக் கோழிப் பையின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான்.

விடயத்துக்கு வருவோம். பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்யும் பி கலங்கள் கோழியில் இந்தப் பைக்குள்ளேதான் முதிர்ச்சியடைகின்றன. குஞ்சு பொரித்த முதல் வாரங்களில் இது ஒரு பயிற்சி முகாம் போன்றது. இங்கே தேறிய கலங்கள் உடலெங்கும் சென்று இராணிக்கெட் கிருமி வந்தால் அதற்கு, வேறொன்று வந்தால் வேறொன்றுக்கு என்று ஆயுதம் செய்கின்றன. முதன்முறை ஒரு கிருமியைச் சந்திக்கும்போது நான்கைந்து நாள் கழித்து ஒருவகைப் பிறபொருளெதிரி வரும். பின்னர் அதனிலும் வலுவான இன்னொரு வகை வரும். அந்தச் சந்திப்பின் ஞாபகமும் உடலில் தங்கிவிடும். அடுத்தமுறை அதே கிருமி வந்தால் தாமதமில்லாமல் தாக்குதல் தொடங்கிவிடும். தடுப்பு மருந்து என்பது வலுக்குறைந்த கிருமியைக் காட்டி இந்த முதற் சந்திப்பை நாமே ஏற்படுத்துவதாகும்.

கம்போரோ வைரசு தாக்குவது இந்தப் பயிற்சி முகாமையேதான். முதிர்ச்சியடைந்து கொண்டிருக்கும் பி கலங்களுக்குள் புகுந்து அவற்றை அழித்துவிடுகிறது. நோய் தொற்றிய மூன்றாம் நான்காம் நாளில் பை இருமடங்காக வீங்கும். எட்டாம் நாளளவில் சுருங்கி, முன்பிருந்த நிறையில் மூன்றிலொரு பங்காகிவிடும்.

அமெரிக்காவின் டெலவெயார் மாநிலத்தில் கம்போரோ என்ற ஊரை அண்டிய பண்ணைகளில் 1957இல் இந்நோய் முதலில் காணப்பட்டது, 1962இல் பதிவு செய்யப்பட்டது. ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. 1980களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் மிகக் கொடிய வகையொன்று தோன்றி 1990களில் ஆசியாவுக்கும் பரவியது. மனிதருக்கு இது தொற்றுவதில்லை. கோழி இறைச்சி உண்பவர்கள் இதையிட்டு அச்சப்பட வேண்டியதில்லை என்பதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். கோழி என்றாலே நோய் என்று வதந்தி பரவி வியாபாரம் படுத்துப்போன நாட்களை நாம் மறக்கவில்லை.

தாய் கொடுத்த கைமுதல்

குஞ்சு பொரிக்கும்போது வெறுங்கையுடன் வருவதில்லை. தாய்க்கோழி தன் இரத்தத்திலுள்ள பிறபொருளெதிரிகளை முட்டையின் மஞ்சட்கரு மூலம் குஞ்சுக்கு அனுப்புகிறது. தாய்க்கோழிகளுக்கு முட்டையிட ஆரம்பிக்க முன்னர், ஏறத்தாழ 16 முதல் 20 வார வயதில், எண்ணெய் கலந்த கம்போரோ ஊசி ஏற்றுவது இதற்காகவே. அதனால் தாய் பெறும் எதிர்ப்புச் சக்தி குஞ்சுக்குச் சீதனமாக வந்து சேரும். முதல் இரண்டு மூன்று வாரம் குஞ்சைக் காப்பாற்றுவது இதுதான்.

ஆனால் இது கைமுதல் மாத்திரமே, வருமானமில்லை. குஞ்சு தானாக ஒன்றும் உற்பத்தி செய்யாமல் தாய் தந்ததைச் செலவழித்துக் கொண்டேயிருக்கிறது. புரொய்லர் குஞ்சில் இந்த இருப்பு ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு ஒருமுறை பாதியாகிறது. சில தொகுதிகளில் மூன்றரை நாளும் எடுக்கலாம். முட்டைக்கோழிக் குஞ்சு மெதுவாக வளர்வதால் அதில் ஐந்து நாளுக்கு மேல் எடுக்கும். ஆகவே முட்டைக்கோழிக்காரர் சொல்லும் நாளை புரொய்லர்காரர் பின்பற்றக் கூடாது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பமாகிறது. தாய் தந்த பிறபொருளெதிரிக்கு, வந்திருப்பது நோய்க் கிருமியா, நாம் தண்ணீரில் கலந்து கொடுத்த மருந்துக் கிருமியா என்ற பேதம் தெரியாது. இருப்பு அதிகமாக உள்ள நாளில் மருந்தைக் கொடுத்தால் அதனைப் பிடித்து அழித்துவிடும். குஞ்சின் உடல் மருந்தைச் சந்திப்பதே இல்லை. ஞாபகமும் உண்டாவதில்லை. காசு தண்ணீரில் போயிற்று. அதற்காக இருப்பு முழுவதும் தீரும்வரை காத்திருந்தால் பண்ணையில் கிடக்கும் கொடிய கிருமி முந்திக்கொண்டு உள்ளே போய்விடும். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். கொடிய கிருமி, மருந்துக் கிருமியை விட முரட்டுத்தனமானது. மருந்தால் ஊடுருவ முடியாத அளவு இருப்பு உள்ளபோதே நோய்க் கிருமியால் ஊடுருவ முடியும். இரண்டுக்கும் இடைப்பட்ட சில நாட்கள்தான் பண்ணையாளரின் கையிலுள்ள சந்தர்ப்பம்.

கணக்குப் பார்ப்போம்

ஆய்வுகூடத்தில் குஞ்சின் இரத்தத்தைப் பரிசோதித்து இந்த இருப்பை ஓர் எண்ணாகத் தருவார்கள். பரிசோதனை முறைக்கேற்ப எண்கள் மாறுபடும் என்பதால் பின்வருவதை விளக்கத்துக்கான கணக்காக மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள். நடுத்தர ரக மருந்து ஊடுருவுவதற்கு இருப்பு ஏறத்தாழ 125க்கு இறங்க வேண்டும். சற்று வலுக்கூடிய ரக மருந்து 500 அளவிலேயே ஊடுருவிவிடும்.

நமது சகோதரரின் விலை கூடிய குஞ்சுகள் 8,000 இருப்புடன் வந்தன என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளுக்கு ஒருமுறை பாதி. 4,000, 2,000, 1,000, 500, 250, 125. ஆறு தடவை பாதியாக வேண்டும். அதாவது 18ஆம் நாள். அவர் மருந்து கொடுத்ததோ 14ஆம் நாள். அன்று இருப்பு 300க்கு மேல். மருந்து அழிந்தது. பின்னர் இருப்பு இறங்க இறங்க, கொட்டகையில் காத்திருந்த கிருமி 20ஆம் நாளளவில் உள்ளே போனது. இந்நோய் தொற்றி இரண்டு மூன்று நாளில் அறிகுறி காட்டும். 23ஆம் நாள் கோழி குந்தியது. கணக்குப் பிசகவில்லை.

மற்றக் கொட்டகைக் குஞ்சுகள் 1,000 இருப்புடன் வந்திருந்தால் மூன்று தடவைதான் பாதியாக வேண்டும். 9ஆம் நாளே 125. 14ஆம் நாள் கொடுத்த மருந்து தடையின்றி வேலை செய்தது. ஆனால் அந்தக் குஞ்சுகள் 9ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை, அதன்பின் மருந்து பலன்தரும் சில நாட்களும், எந்தப் பாதுகாப்புமின்றிக் கிடந்தன. அந்த இடைவெளியில் கிருமி வராதது அவரது திறமையல்ல, அல்லாஹ்வின் அருள்.

ஆக, நன்றாக ஊசி போட்ட தாயின் குஞ்சு செத்தது. சாதாரணக் குஞ்சு பிழைத்தது. குஞ்சில் குறையில்லை. இரண்டு வகைக் குஞ்சுக்கும் ஒரே நாட்காட்டியைத் தொங்கவிட்டதே குறை.

ஊசி ஏற்றப்பட்டுச் சிறிது காலமேயான இளம் தாய்க்கோழிகளின் குஞ்சுகளில் இருப்பு பொதுவாக அதிகம். வயது கூடிய தாய்களின் குஞ்சுகளில் குறைவு. இரண்டையும் கலந்து ஒரே பெட்டியில் தந்தால் எந்த நாளில் கொடுத்தாலும் பாதிக் குஞ்சுகளுக்குப் பிழையான நாளாகவே இருக்கும். இப்படிப்பட்ட தொகுதிகளுக்குத்தான் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுக்கச் சொல்கிறார்கள். 2022இல் டொலர் நெருக்கடியோடு குஞ்சும் தீனும் தட்டுப்பாடான காலத்தில் கிடைத்த இடத்தில் கிடைத்ததை வாங்கிக் கலந்தோம். அன்று வேறு வழியிருக்கவில்லை. அப்பழக்கம் சிலரிடம் இன்னும் தொடர்வதற்கு மாத்திரம் நியாயமில்லை.

பெரிய பண்ணைகள் முதல் சில நாட்களுக்குள் இருபது குஞ்சுகள் வரையில் இரத்த மாதிரி எடுத்து நாளைக் கணிக்கின்றன. 1,000 குஞ்சு வளர்ப்பவருக்கு ஒவ்வொரு தொகுதிக்கும் இது கட்டுப்படியாகாது. அவர் செய்யக்கூடியது பொரிப்பகத்திடம் அல்லது முகவரிடம் கேட்பது. இந்தக் குஞ்சுகளின் தாய்களுக்கு என்ன வயது? ஒரே மந்தையின் குஞ்சுகளா, கலந்தவையா? தாய்களுக்குக் கம்போரோ ஊசி எப்போது ஏற்றப்பட்டது? பொரிப்பகத்தில் ஏதாவது தடுப்பு மருந்து ஏற்றினீர்களா? எந்த ரகம்? பதிலைத் துண்டில் எழுதி வாங்கி மிருக வைத்தியரிடம் காட்டினால் நாளை அவர் சொல்வார். சீமெந்து வாங்கும்போது உற்பத்தித் திகதி பார்க்கிற நாம், உயிருள்ள குஞ்சை வாங்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுகிறோம்.

கடைசிக் கேள்விக்கு ஒரு காரணமுண்டு. இப்போது பொரிப்பகத்திலேயே, ஒருநாள் குஞ்சுக்கோ 18ஆம் நாள் அடைமுட்டைக்கோ ஏற்றப்படும் புதுவகை மருந்துகள் உள்ளன. ஒருவகை, கம்போரோ வைரசின் ஒரு பகுதியை வேறொரு தீங்கற்ற வைரசின் உள்ளே வைத்து அனுப்புவது. தாயின் பிறபொருளெதிரி இதை அடையாளம் காணாது. இன்னொரு வகையில் மருந்துக் கிருமி முன்கூட்டியே பிறபொருளெதிரியால் போர்த்தப்பட்டிருக்கும். குஞ்சின் இருப்பு இறங்கிய பின்பே அது வெளிப்பட்டு வேலை செய்யும், நாளைக் குஞ்சின் உடலே தீர்மானித்துக் கொள்ளும். விலை கூடத்தான். அப்படி ஏற்றிய குஞ்சு என்று தெரியாமல் நாம் மீண்டும் தண்ணீரில் மருந்து கொடுப்பதும் நடக்கிறது. அது தேவையா இல்லையா என்பதை வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

சாகாத கோழியின் நட்டம்

செத்த கோழியை எண்ணலாம். சாகாத கோழியின் நட்டம்தான் எண்ணத் தெரியாமல் போகிறது. மூன்று வாரத்துக்கு முன்னர், அதாவது தாய் தந்த இருப்புக் குறைவாக இருந்து இளம் வயதிலேயே கம்போரோ தொற்றினால், பெரும்பாலும் கோழி சாவதில்லை. கழிச்சல்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் பை கருகிவிடும். பயிற்சி முகாம் மூடப்பட்டுவிடும். அதன்பின் கொடுக்கும் இராணிக்கெட் மருந்துக்கு உடல் பதில் சொல்லாது. சளி, ஈரல் அழற்சி, சாதாரண குடற்கிருமிகள் எல்லாம் வாசல் திறந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையும். நாமோ இராணிக்கெட் மருந்தைக் குறை சொல்வோம், அன்டிபயோட்டிக் வாங்கிக் கொட்டுவோம். வைரசுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. பின்னால் வரும் பக்டீரியாவுக்கே அது உதவும்.

1,000 கோழிகளில் இதனால் மேலதிகமாக 20 சாகின்றன என்று வைப்போம். அது கண்ணுக்குத் தெரியும் நட்டம். மீதிக் கோழிகள் இரண்டு கிலோ வரும்போது, ஒரு கிலோ நிறைக்கு 1.7 கிலோ தீன் போதுமாயிருந்த இடத்தில் 1.8 கிலோ சாப்பிட்டிருந்தால் ஏறக்குறைய 200 கிலோ தீன் அதிகம். அதாவது 50 கிலோ மூட்டை நான்கு. விற்கும் நாளில் ஒவ்வொன்றும் 100 கிராம் குறைந்து நின்றால் இன்னும் ஏறக்குறைய 100 கிலோ போயிற்று. இரண்டையும் இன்றைய விலையால் பெருக்கி, 20 கோழியின் விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மரண எண்ணிக்கை குறைவு என்று திருப்திப்படும் பண்ணையில்தான் இந்த நட்டம் தொகுதிக்குத் தொகுதி ஓடிக்கொண்டிருக்கும். தீன் கணக்கைக் கொப்பியில் எழுதாதவருக்கு இது தெரியவே வராது.

கிருமி எங்கே காத்திருந்தது?

இந்த வைரசு முட்டை வழியாக வருவதில்லை. கொட்டகையிலேயே கிடக்கிறது. கோழிகளை அகற்றி 122 நாட்கள் கழித்தும் கொட்டகை நோயைத் தொற்றவைத்ததை 1960களிலேயே ஆய்வில் கண்டார்கள். தீன், தண்ணீர், எச்சம் என்பன 52 நாட்களுக்குப் பின்னரும் தொற்றக்கூடியவையாக இருந்தன. ஒரு தொகுதியை விற்றுப் பத்து நாளில் அடுத்ததை இறக்குகிறோம் என்பதோடு இதனை ஒப்பிடுங்கள்.

கொழுப்புறை இல்லாத வைரசு என்பதால் சாதாரண கிருமிநாசினிகள் பலவற்றுக்கு இது அசைவதில்லை. பழைய உமி முழுவதையும் அள்ளி, பண்ணைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டு, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, அதன்பின் போர்மலின், அயடின் கலவை, குளூட்டரல்டிஹைட் போன்றவற்றில் ஒன்றை அடிக்க வேண்டும். எச்சம் ஒட்டியிருக்கும் தரையில் எந்த மருந்தை அடித்தாலும் பயனில்லை. மருந்தை விடத் தேய்ப்புத்தான் முக்கியம். போர்மலின் அடிப்பவர் முகமூடியும் கையுறையும் அணியாமல் கொட்டகைக்குள் போகக்கூடாது. உமிக்குள் திரியும் சிறிய கருவண்டுகளையும் விட்டுவைக்கக்கூடாது. கழுவும்போது சுவர் வெடிப்பில் ஒளிந்துகொண்டு, புதுக்குஞ்சு வந்ததும் அவை கிருமியுடன் இறங்கி வரும். இரண்டு வாரமாவது கொட்டகை காலியாகக் கிடக்கட்டும். இரண்டு வாரத்தில் கிருமி முழுதாகப் போய்விடாது. ஆனால் குஞ்சு சந்திக்கும் கிருமியின் அளவு குறையும். அளவு குறைந்தால் தடுப்பு மருந்து முந்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும்.

தண்ணீரில் கொடுப்பதிலும் கைப்பிழைகள் உண்டு. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் உயிருள்ள மருந்துக் கிருமியைக் கொன்றுவிடும். கிணற்று நீர் நல்லது. அல்லது லீற்றருக்கு இரண்டு, இரண்டரை கிராம் ஆடை நீக்கிய பால்மாவைக் கரைத்துச் சற்று வைத்துவிட்டு மருந்தைக் கலக்க வேண்டும். முழு ஆடைப் பால்மா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரிவராது. மருந்துப் போத்தல் 2 முதல் 8 பாகை குளிரில் இருந்து வர வேண்டும். நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்த மருந்தை ஊற்றாமலே விடலாம். ரெஜிபோம் பெட்டியும் இரண்டு ஐஸ் கட்டியும் பெரிய செலவல்ல. குஞ்சுகளை ஒன்றிரண்டு மணித்தியாலம் தாகத்தில் வைத்து, அதிகாலையில் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் குடித்து முடிக்கச் செய்ய வேண்டும். மருந்துடன் நீலச் சாயம் சேர்த்துக் கொடுத்தால் நாக்கைப் பார்த்து எந்தக் குஞ்சு குடிக்கவில்லை என்று கண்டுபிடிக்கலாம். முதன்முறை இப்படிப் பார்ப்பவர்கள் திடுக்கிடுவதுண்டு. பாத்திரங்களுக்குத் தொலைவில், சுவரோரம் நின்ற குஞ்சுகளின் நாக்குகள் வெளுப்பாகவே இருக்கும்.

நோய் வந்துவிட்டால்

கம்போரோவுக்கு மருந்து கிடையாது. ஆனால் இதில் ஒரு விடயத்தைப் பண்ணையாளர் அறிந்திருந்தால் பாதி நட்டத்தைத் தவிர்க்கலாம். மரணம் மூன்றாம் நான்காம் நாளில் உச்சத்துக்குப் போய், ஐந்து முதல் ஏழு நாளில் தணிந்துவிடும். அதுவரை தண்ணீரைத் தாராளமாக வைத்து, வைத்தியர் சொல்லும் விற்றமினும் உப்புக் கரைசலும் கொடுத்து, இரவில் குளிராமல் பார்த்துக்கொண்டால் மிஞ்சியவை எழுந்துவிடும். இந்நோயில் சிறுநீரகமும் பாதிக்கப்படுவதால் சல்பா மருந்துகளைக் கடையில் கேட்டு வாங்கித் தாமாகக் கொடுப்பது ஆபத்து.

அந்தச் சகோதரரிடம் மூன்றாம் நாள் மாலை ஒரு லொறிக்காரர் வந்தார். "எல்லாவற்றையும் இன்றிரவே ஏற்றுகிறேன், நாளை இதுவும் கிடைக்காது" என்று அரை விலை சொன்னார். 25 நாள் கோழி. பதற்றத்தில் இவரும் முந்நூறு வரை ஏற்றிவிட்டார். மீதியைக் கூலியாள் இல்லாததால் ஏற்ற முடியவில்லை. அந்த மீதியில் பெரும்பாலானவை பிழைத்து, ஆறாம் வார முடிவில் சற்று நிறை குறைவாக என்றாலும் சாதாரண விலைக்கே போயின. ஏற்றிய முந்நூறில்தான் அவருக்கு நட்டம் அதிகம்.

அவருக்கு மட்டுமா? அந்தக் கூடைகள் கழுவப்படாமல் மறுநாள் எந்தப் பண்ணைக்குப் போயின என்று எவருக்கும் தெரியாது. நோயுற்ற ஒட்டகத்தை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டு சேர்ப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை நாம் ஜும்ஆ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். கோழி ஏற்றும் லொறியின் கூடைகளுக்கும் அது பொருந்தாதா? இதைப் பண்ணையாளரை விட எமது மொத்த வியாபாரிகளுக்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பல ஊர்ப் பண்ணைகளுக்கு ஒரே நாளில் போய்வருவது அவர்கள்தான். கூடையைக் கழுவுங்கள். இளங்குஞ்சு உள்ள பண்ணைக்கு முதலில் போய், நோய்ச் சந்தேகமுள்ள பண்ணைக்குக் கடைசியில் போங்கள். ஏற்றும் ஆட்களைக் கொட்டகைக்குள் அனுப்பாமல் வாசலில் வைத்து ஏற்றச் சொல்லிப் பண்ணையாளர் கேட்டால் கோபிக்காதீர்கள்.

செத்தவற்றை என்ன செய்வது? தானாகச் செத்தது ஹராம் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நாய்க்கும் மீனுக்கும் போடுவதோ வாய்க்காலில் வீசுவதோ ஹராமில்லை என்று நினைப்பதுபோல் சிலர் நடந்து கொள்கின்றனர். வைரசு காகத்தின் அலகிலும் நாயின் வாயிலும் பயணம் செய்யும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். மூடமுன் அன்று செத்த நான்கைந்தை ஐஸ் பெட்டியில் வைத்து அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். தேவையானால் அவர்கள் கன்னொருவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரிகளை அனுப்பி வைப்பார்கள். அழுகிய கோழியில் எந்த ஆய்வுகூடமும் ஒன்றும் காணாது.

சகோதரர் அடுத்த தொகுதிக்கு ஒரே பொரிப்பகத்தில் 1,000 குஞ்சுகள் மாத்திரம் எடுத்தார். தாய்க்கோழிகளின் வயதை எழுதித் தரும்படி கேட்டபோது முகவர் சிரித்தாராம். "இதுவரை எவரும் கேட்கவில்லையே நாநா" என்றாராம். இரண்டு நாள் கழித்துத் துண்டு வந்தது. அதை வைத்து வைத்தியர் வலுக்கூடிய ரகத்தில் முதல் மருந்துக்கு ஒரு நாளும், நான்கு நாள் கழித்து இரண்டாவதற்கு ஒரு நாளும் குறித்துக் கொடுத்தார். அந்தத் துண்டு இப்போது கொட்டகைத் தூணில், தீன் கணக்குக் கொப்பிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.